சீப் என்னும் சந்தைச் சொல்

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் லுங்கிக் கட்டுக்கு விலை கேட்டால், "உங்களுக்குச் சல்லிசாத்தான் போட்டிருக்கறனுங்க" என்பார் வியாபாரி. "சீப்பான சரக்குங்க" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சாயம் போகும் துணி என்று வந்தவர் எண்ணிக்கொள்வாரே என்ற தயக்கம்தான். விலைக் குறைவையும் தரக் குறைவையும் ஒருசேரச் சுமக்கும் இந்த ஆங்கிலச் சொல், தொடக்கத்தில் இவ்விரண்டில் ஒன்றையுமே குறிக்கவில்லை.

பழைய ஆங்கிலத்தில் அது வாணிகம், பேரம், சந்தை, படிந்த விலை ஆகியவற்றுக்கெல்லாம் பொதுவான பெயர்ச்சொல்லாக இருந்தது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் இரு தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை விட்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்து, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாமல் விலையைக் கூட்டியும் குறைத்தும் பேசுகிறார்களே, அந்தச் செயலை அன்றைய ஆங்கிலேயர் இச்சொல்லால்தான் குறித்திருப்பார்கள். சிறு வணிகரையும் சத்திரக்காரரையும் குறித்த ஒரு லத்தீன் சொல்லை ஜெர்மானிய மொழிகள் மிகப் பழங்காலத்திலேயே எடுத்துக்கொண்டதன் விளைவு இது என்பார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். வாங்குதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான கௌஃபனும், வணிகர் துறைமுகம் என்று பொருள்படும் டென்மார்க் தலைநகரின் பெயரான கோபன்ஹேகனும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஊர் ஊராகச் சரக்கு விற்றவரை ஆங்கிலத்தில் 'சாப்மன்' என்றார்கள். அதைச் சுருக்கிய 'சாப்', முதலில் வாடிக்கையாளரையும் பிறகு வெறுமனே ஓர் ஆளையும் குறிக்கலாயிற்று.

லண்டனின் சீப்சைடு வீதியை மலிவு விலை வீதி என்று யாரேனும் மொழிபெயர்த்தால் பிழையாகிவிடும். இடைக்காலத்தில் அதுவே அந்நகரின் பெரிய சந்தை. பொற்கொல்லர்களின் கடைகள் வரிசைகட்டி நின்ற இடம். அதிலிருந்து பிரியும் கிளைத் தெருக்களுக்கு ரொட்டித் தெரு, பால் தெரு என்று அங்கு விற்ற பண்டங்களே பெயராயின. கவிஞர் மில்டன் 1608-இல் பிறந்தது அந்த ரொட்டித் தெருவில்தான்.

பெயர்ச்சொல் பெயரடையானது எப்படி என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வாங்குபவருக்குச் சாதகமாகப் படிந்த பேரத்தை 'குட் சீப்', அதாவது நல்ல பேரம், என்று சொல்லும் வழக்கம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மலிவுக்கு இன்றும் நல்ல சந்தை என்றே சொல்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தின் முதல் பாகத்தில் ஃபால்ஸ்டாஃப் தன் ஆளைக் கடிந்துகொள்ளும்போதும் இத்தொடர் வருகிறது. 16-ஆம் நூற்றாண்டில் முன்னால் நின்ற 'நல்ல' மெல்ல உதிர்ந்து, மீதியிருந்த பேரம் மட்டும் தனித்து நின்று, குறைந்த விலை என்ற பொருளைத் தானே ஏற்றுக்கொண்டது. மட்டம் என்ற இழிபொருளும் அதன்பின் வெகுகாலம் காத்திருக்கவில்லை. நல்லதைக் கழற்றிவிட்ட சொல்லுக்கு அந்தக் கதி நேர்ந்தது எனக்கு வியப்பாகவும் இல்லை.

நம் மலிவு வேறு வழியில் வந்தது. மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். உடுமலைப் பக்கம் தக்காளி வரத்து மிகுந்து பெட்டி விலை சரியும்போது, அந்தப் பெருக்கமே விலையிறக்கத்துக்குப் பெயராகி நிற்கிறது. அதில் பண்டத்தின் மீது எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. விளைவித்தவருக்கு வண்டி வாடகைகூடத் தேறாமல் போவது வேறு கணக்கு.