நாற்காலியில் தெரியும் வயது

கியூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்ற பந்துகளைப் பாக்கெட்டில் போடும் பூல் ஆட்டத்தில், டேபிளுக்குப் பக்கத்தில் நடுவராக நிற்பது என் வேலை. ஆரம்பத்தில் ஆட்டக்காரர்களின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அவர்களுடைய நாற்காலியைப் பார்க்கிறேன். ஒரு ரேக்கை (சுற்றை) ஜெயித்தவருக்கே அடுத்த பிரேக் (தொடக்க அடி) என்ற விதியில், எதிராளி நல்ல ஃபார்மில் இருந்தால் அரை மணி நேரம்கூட எழுந்திருக்க வேலை இருக்காது. இருபது வயதுப் பையன் அப்படியே எழுந்து வந்து குனிவான். ஐம்பதைத் தாண்டியவர் முதலில் முழங்காலை நீட்டி மடக்குவார், அப்புறம் இடுப்பில் கைவைத்து நிமிர்வார். உடம்பு பழைய நிலைக்கு வருவதற்குள் முதல் ஷாட் போய்விடும். ஒன்பதாம் நம்பர் பந்தைப் போட்டவர் ஜெயிக்கும் நைன் பால் என்ற வகையில் அந்த ஒரு ஷாட் தவறினால் போதும், இன்னொரு அரை மணி நேரம் உட்கார வேண்டியதுதான்.

பழைய சாம்பியன்களால் இனியும் ஜெயிக்க முடியுமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். போட்டியின் எத்தனையாவது நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நாற்பதுகளில் முடியுமா என்ற பேச்சே வேண்டாம், முடியும். எஃப்ரன் ரெயஸ் 1999இல் உலக நைன் பால் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 44. அதே பட்டத்துக்கான 2002 இறுதி ஆட்டத்தில் பிரான்சிஸ்கோ புஸ்டமான்டே 17-15 என்று ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டிடம் தோற்றார். ஸ்ட்ரிக்லண்டுக்கு அப்போது 41. தோற்ற புஸ்டமான்டே எட்டு வருடம் கழித்து, 46 வயதில், தோஹாவில் அதே பட்டத்தை வாங்கினார். 2025இல் அதே பட்டத்தின் இறுதி ஆட்டத்தில் கார்லோ பியாடோ 41 வயதில் ஃபெடோர் கோர்ஸ்ட்டை 15-13 என்று வென்றார். கோர்ஸ்ட்டுக்கு வயது 25தான்.

ஐம்பதுகள் வேறு கதை. ரெயஸ் 2006இல், 52 வயதில், ரீனோவில் நடந்த எய்ட் பால் என்ற இன்னொரு வகைப் பூல் போட்டியில் ஐந்து லட்சம் டாலர் முதல் பரிசை வென்றது உண்மைதான். அதை உதாரணமாக்கி எல்லோருக்கும் நம்பிக்கை சொல்வது எனக்குப் பிடிக்காது. ரெயஸ் ரெயஸ்தான்.

முதலில் கெடுவது கண். கியூவின் மேல் தாடை படும் அளவுக்குக் குனியும்போது, பார்வை கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாகத்தான் போகும். சாதாரண ஃபிரேம் சரியாக அந்த இடத்தில் வந்து மறைக்கும். இரண்டு மூன்று பவர் சேர்ந்த லென்ஸ் என்றால் பந்தின் ஓரமே வளைந்து தெரியும் என்கிறார்கள். அதற்காகவே உயரமாகச் செய்த கண்ணாடி உண்டு. ஆனால் பழகப் பல மாதங்கள் ஆகும், சிலர் பழகுவதே இல்லை.

அப்படிப்பட்ட ஒருவரின் ஆட்டத்துக்கு நடுவராக நின்றேன். பெயர் வேண்டாம், ஒரு காலத்தில் எல்லோரும் பயந்த கை. மூன்றாம் நாள், அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது ஆட்டம், இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டது. எட்டாம் நம்பர் பந்து நடு பாக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. குனிந்தார், எழுந்தார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். திரும்பக் குனிந்தார். ஒரு ஷாட்டுக்கு முப்பது நொடிதான். "பத்து நொடி" என்றேன். என்னைப் பார்த்தார், கோபமில்லை, மணி கேட்பவர் மாதிரி ஒரு பார்வை. கண்ணாடியை டேபிள் ஓரத்தில் வைத்துவிட்டு வெறுங்கண்ணால் அடித்தார்.

எட்டு விழுந்தது. வெள்ளைப் பந்து மட்டும் அடுத்த ஷாட்டுக்கு வர வேண்டிய இடத்துக்கு நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. ஒன்பதுக்கு நேர்கோடு இல்லை. பார்வையாளர்கள் எட்டுக்குக் கைதட்டினார்கள், அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். ஆட்டத்தில் வயது முதலில் தொடுவது அந்த நான்கு விரற்கடையைத்தான் என்று நினைக்கிறேன். பந்தைப் போடும் கை கடைசிவரை இருக்கும், வெள்ளையை நிறுத்தும் கைதான் முதலில் போகும்.

ஆனால் அடுத்து அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். ஒன்பதை மெல்லத் தொட்டு ஒரு குஷனில் (டேபிளின் ஓர மெத்தையில்) ஒட்டவைத்து, வெள்ளையை எதிர்க்கோடியில் கொண்டுபோய் நிறுத்தினார். எதிரே ஆடிய பையன் கியூ நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு டேபிளை இரண்டு தரம் சுற்றினான், கூடுதல் நேரம் கேட்டான், கடைசியில் நீளமாக அடித்துத் தவறவிட்டான். அந்த ரேக் பெரியவருக்கு. இப்படி இன்னும் இரண்டு ரேக் எடுத்தார். ஆட்டத்தையும் ஜெயித்தார், ஒரே ஒரு ரேக் வித்தியாசத்தில்.

நான் பந்துகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கும்போது கியூவைக் கழற்றியபடி பக்கத்தில் வந்தார். "தம்பி, அடுத்தது நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"காலையில் பத்துக்கு சார்."

"காலையிலா?" முகம் தெளிந்தது. "அப்போ சரி."