அம்மாவின் இரண்டாயிரம் போன இடம்

அப்பா தவறிய பிறகு, அவருக்கு வந்துகொண்டிருந்த பிஎம் கிசான் (மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் உதவித்தொகை) பணத்தை அம்மா பெயருக்கு மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். ஒரு வாரத்து வேலை என்று நினைத்தது ஒன்பது மாதம் இழுத்தது.

முதலில், இதில் பெயர் மாற்றம் என்று எதுவும் கிடையாது. இறந்தவர் பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டு வாரிசு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்குத் திட்டத்தில் இடமில்லை, உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. ஆக, பட்டாவில் அம்மா பெயர் ஏறாமல் ஒன்றும் நகராது. எங்களுடையது பெரம்பலூர் பக்கம் மானாவாரிக் காடு, மக்காச்சோளம் போடுகிறோம். வாரிசுச் சான்றிதழ், மனு, விஏஓ என்று அலைந்து அம்மா, நான், தங்கை மூவர் பெயரும் ஏறவே ஐந்து மாதம். நான் வருமான வரி கட்டுகிறவன், எனக்குக் கிடைக்காது. அம்மா பெயரில் விண்ணப்பித்தோம்.

அப்புறம் வந்தது கேஒய்சி, அதாவது ஆள் அவர்தானா என்று சரிபார்ப்பது, அதற்குக் கைரேகை. நாற்பது வருடம் களை வெட்டிய கை, ரேகை எங்கே இருக்கும்? சேவை மையத்துத் தம்பி பொறுமைசாலி. "விரலைத் தலைமுடியில தேய்ச்சுட்டு வைங்கம்மா" என்றார், அம்மா தேய்த்து வைத்தார், சிவப்பு விளக்கு. பத்து விரலையும் பார்த்தாயிற்று, அப்போதும் சிவப்புதான். மூன்று முறை பஸ் ஏறிப் போனோம் (அம்மாவுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, எனக்கு உண்டு). கடைசியில் அந்தத் தம்பியே, செயலியில் முகத்தைக் காட்டியும் கேஒய்சி முடிக்கலாம் என்று சொல்லி, வாசல் வெளிச்சத்தில் அம்மாவை நிறுத்தி, "கண்ணைச் சிமிட்டுங்கம்மா" என்றார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்ததில் முதல் தடவை தோற்றது, இரண்டாவது தடவை முடிந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

சரி, எல்லாம் முடிந்தது. இணையத்தில் பார்த்தால் நிலம், கேஒய்சி, ஆதார் எல்லாமே பச்சை. பணம் அனுப்பியதாகவும் காட்டுகிறது. பாஸ்புக்கில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. வேளாண் அலுவலகத்தில் கேட்டால் வங்கியைக் கேள் என்கிறார்கள், வங்கியில் கேட்டால் அலுவலகத்தைக் கேள் என்கிறார்கள்.

விஷயம் என்னவென்றால், இந்தப் பணம் நாம் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால் அந்த வங்கியின் பெயரைக் காட்டுகிறது. பார்த்தேன். எங்கள் வங்கியே இல்லை. அம்மா யோசித்து யோசித்து, "அது கேஸ் மானியத்துக்கு உங்கப்பா ஆரம்பிச்சு வச்சது" என்றார். அந்தக் கணக்கில் இருந்தது அப்பாவின் பழைய போன் எண், அதனால் குறுஞ்செய்தியும் வரவில்லை. ரேஷன் கார்டு தகர டப்பாவின் அடியில் பாஸ்புக் கிடந்தது. கொண்டுபோய்ப் பதிவு போட்டால் இரண்டு தவணை, நாலாயிரம், சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

ஒரு தவணை இரண்டாயிரம். ஒரு மூட்டை டிஏபி உரம் 1,350, இரண்டு மூட்டை யூரியா 533, மிச்சம் டீச்செலவு. நான் போட்ட லீவுக் கணக்கை அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்போது விவசாயிகள் எல்லோரும் தனி அடையாள எண் வாங்க வேண்டுமாம். அதற்கும் ஓடிபி வரும். அம்மாவின் ஆதாரில் இருக்கும் என் நம்பர் சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு அம்மாவிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.