வலது காதுக்கே போகும் போன்

போன் அடித்தால் என் கை அதை வலது காதுக்குத்தான் கொண்டுபோகும். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த இரண்டு வாரம் வேறு வழியில்லாமல் இடது காதில் வைத்துப் பேசினேன். சத்தம் குறையவில்லை, பேச்சுதான் பிடிபடவில்லை. ஒரே அழைப்பில் நாலு தடவை "என்ன சொன்னீங்க?" என்று கேட்டிருப்பேன். இடது காது போய்விட்டதோ என்ற பயத்தில் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் இரண்டு காதுக்குள்ளும் விளக்கு அடித்துப் பார்த்தார். குறும்பி அடைப்பு இல்லை. இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேட்குது?" என்றார். நடுவில்தான் கேட்டது. இருந்தாலும் ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

சத்தம் புகாத சின்ன அறை. கதவைச் சாத்தியதும் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக 'பீப்' வரும், கேட்டதும் அழுத்த வேண்டும். சத்தம் தேயத் தேய, நிஜமாகவே கேட்கிறதா, கேட்பதாக நானே நினைத்துக்கொள்கிறேனா என்று குழம்பிப்போனேன். "லேசா கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்துங்க" என்று ஆடியாலஜிஸ்ட் முன்கூட்டியே சொல்லியிருந்ததுதான் தைரியம்.

வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எங்கேயும் 5 டெசிபலுக்கு மேல் வித்தியாசமில்லை.

அப்புறம் ஏன் அப்படி என்று ஆடியாலஜிஸ்டை விடாமல் கேட்டேன். அவர் இன்னொரு சோதனை வைத்தார். ஒரே நொடியில் வலது காதில் 'மூன்று', இடது காதில் 'எட்டு'. அது அடங்குவதற்குள் அடுத்த ஜோடி. எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். வலதில் வந்தவை அப்படியே நினைவில் நின்றன, இடதில் வந்தவற்றில் சில நழுவிவிட்டன.

இதே மாதிரி எண்களை வைத்து கனடா உளவியலாளர் டோரீன் கிமுரா 1961இலேயே இதைக் காட்டியிருக்கிறார். காதிலிருந்து மூளையின் எதிர்ப்பக்கத்துக்குப் போகும் பாதைதான் வலுவானது. பெரும்பாலோருக்குப் பேச்சைக் கையாள்வது இடது மூளை. அதனால் வலது காதில் விழுந்த சொல் நேரே போய்ச் சேர்கிறது, இடதில் விழுந்தது சுற்றிக்கொண்டு வருகிறது. பேச்சு மையம் வலப்பக்கம் இருந்த நோயாளிகளுக்கு இடது காது முந்தியது என்பதுதான் என்னை நம்பவைத்தது. மெட்டைக் கேட்கும்போதோ பலருக்கு இடது காது முந்துமாம். 1964இல் அதையும் அவரே சோதித்தார்.

போன் விஷயத்தை முழுக்க இதன் தலையில் கட்ட முடியாது. இரண்டு காதிலும் பேச்சு மோதும்போதுதான் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இத்தனை வருஷப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்றார் ஆடியாலஜிஸ்ட்.

எல்லோருக்கும் ஒரு பக்கம் பிடித்தமானதுதானே என்று யாரும் சோதிக்காமல் இருந்துவிடாதீர்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம்.

அந்த வரைபடத்தைப் பத்திரப்படுத்தச் சொன்னார், பின்னால் எப்போதாவது சோதித்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவுமாம். தேதி எழுதி ஃபைலில் வைத்திருக்கிறேன்.