மாருதி 800, போர்ஷே 911 டர்போ: இரண்டிலும் நாலு கியர்தான்

கார்பரேட்டர் காலத்து மாருதி 800-ஐயும், 1978-ல் வந்த 3.3 லிட்டர் போர்ஷே 911 டர்போவையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டிலும் நாலே கியர். காரணம் மட்டும் வேறு. மாருதியின் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின் தருவது 59 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. அதற்கு நாலு போதும், செலவும் குறைவு. போர்ஷேயில் 412. அதைத் தாங்க கியர் பற்களை அகலமாகச் செய்தார்கள். ஐந்தாவது கியர் 1989 மாடலில்தான் வந்தது.

37 குதிரைத்திறனுக்கு எதிரே 300. எடையோ சுமார் 650 கிலோவுக்கு 1,300. எடை இரண்டு மடங்கு, திறன் எட்டு மடங்கு. ஆனால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே தூங்கும். மிதித்துவிட்டுக் காத்திருந்தால், வளைவின் நடுவில் திறன் மொத்தமாக வந்து இறங்கும். பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னும் மோசம். இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. பாரம் முன்னே சாய்ந்ததும் பின் டயர் பிடி விட்டு, வண்டி சுழன்றுவிடும். பிரேக்கை நேர்சாலையிலேயே முடித்துவிட்டு, வளைவில் காலை ஒரே அழுத்தத்தில் வைக்க வேண்டும். அதே தப்பை மாருதியில் செய்தால் மூக்கு கொஞ்சம் உள்ளே திரும்பும், அவ்வளவுதான். ஓட்டிப் பழக 800-தான் நல்ல வாத்தியார்.

ஆயில் பார்க்கும் முறையும் தலைகீழ். மாருதியில் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சியை) எடுத்துப் பார்க்கலாம். போர்ஷேயில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. இன்ஜின் நன்கு சூடாகி, ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஆறிய நிலையில் பார்த்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் மிஞ்சிய ஆயில் காற்றுக் குழாய்க்குள் போய், சைலன்சரில் புகை கக்கும்.

மாருதியின் எதிரி சூடு. நெரிசலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடாவிட்டால் இன்ஜினின் மேல் பாகமான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போகும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் பால்காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். போர்ஷேயில் தண்ணீரே கிடையாது, காற்றும் ஆயிலும்தான் குளிர்விக்கின்றன. வேகமாக ஓட்டி வந்ததும் உடனே சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள்; இல்லையென்றால் டர்போ பேரிங்கில் நின்ற ஆயில் கரியாகிவிடும்.