பிடிமண்

ரங்கூனில் இருக்கிற தமிழ்க் குடும்பம் வேறு மாநிலத்துக்குக் குடி போகிறது என்றால், மனிதர்களிடம் சொல்லிக்கொள்வது சீக்கிரம் முடிந்துவிடும். சாமிகளிடம் சொல்லிக்கொள்ளத்தான் நாள் பிடிக்கும். வீட்டுக்காரருக்கு முடோனில் ரப்பர் கொள்முதல் செய்யும் இடத்தில் வேலை கிடைத்தது. முடோன், மோன் மாநிலத்தில் மோல்மீனுக்குத் தெற்கே இருக்கிற ஊர். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளைகளை அங்கே சேர்த்தாக வேண்டும். வைகாசி பிறந்ததும் சாமான் கட்ட ஆரம்பித்தோம்.

அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, எங்களோடு வரவில்லை. எண்பதை நெருங்கும் வயது. சிரியத்தில் கொழுந்தனார் வீட்டோடு இருந்துகொள்கிறேன் என்றுவிட்டார். (சிரியம் இப்போது தான்லின். அத்தைக்கு எந்த ஊரும் தெருவும் பெயர் மாறவில்லை. அனோரத்தா சாலை அவருக்கு இன்னும் பிரேசர் தெருதான்.) வழியனுப்ப வந்தவர், கட்டி வைத்த மூட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கிடக்கட்டும். முதல்ல காளியாத்தா, அப்புறம் பெருமாள், கடைசியா நம்ம முனி. மூணு இடத்துலயும் சொல்லிக்கிட்டுத்தான் வண்டி ஏறணும்" என்றார். மறுத்துப் பேச ஆளில்லை.

காளியம்மன் கோயில் அனோரத்தா சாலையும் கோன்சேடான் தெருவும் சேரும் முனையில் இருக்கிறது. 1871இல் நம் ஆட்கள் கட்டியது. பக்கத்திலேயே தெய்ஞ்ஜி சந்தை. மசாலாக் கடை, பாத்திரக் கடை, மருந்து வேர்க்கடை என்று ஒரே நெரிசல். அந்த நெரிசலுக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கோபுரம் நிற்கும். கல்யாணமாகி வந்த மறுநாள் என்னை அழைத்துப்போன முதல் இடம் அதுதான். இரண்டு பிள்ளைகளுக்கும் முதல் மொட்டை அங்கேதான். பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்காவும் எங்களோடு கிளம்பினார். "உங்க அம்மாவ எனக்கும் தெரியும்" என்றார். தெரியாமல் என்ன? எந்தச் செவ்வாய், வெள்ளியில் போனாலும் பாதிக் கூட்டம் பர்மாக்காரர்கள்தான்.

கும்பிடுகிற விதம்தான் வேறு. நாம் நின்றபடி எட்டி எட்டிப் பார்த்து, தீபாராதனை வரும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அவர்கள் தரையில் கால்களை மடித்து ஒருபக்கமாகப் போட்டு உட்கார்ந்து, மூன்று முறை நெற்றி தரையில் படக் குனிந்து எழுவார்கள். அக்கா ஒரு தாம்பாளம் கொண்டுவந்திருந்தார். நடுவில் காம்போடு ஒரு தேங்காய், சுற்றிலும் மூன்று சீப்பு வாழைப்பழம். அவர்கள் பகோடாவிலும் நாட் தெய்வங்களுக்கும் வைக்கிற அதே தட்டு. நம் தட்டிலும் தேங்காயும் பழமும்தான். ஆனால் நம் தேங்காய் உடைய வேண்டும், அவர்கள் தேங்காய் உடையக் கூடாது. குருக்கள் எங்கள் தேங்காயை வாங்கி ஒரே அடியில் உடைத்தார். அக்காவின் தட்டை அப்படியே தூக்கி அம்மனுக்குக் காட்டி, ஒரு பூவை மேலே வைத்துத் திருப்பிக் கொடுத்தார். யாரும் யாரிடமும் எதையும் விளக்கவில்லை. இவ்வளவு பழகிப்போன கோயிலை விட்டுப் போகிறோமே என்று அப்போதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போது வீட்டுக்காரர் "குடி மாறிப் போறோம் சாமி" என்றார். குருக்கள், "அம்மா அங்கேயும் வருவா" என்று சொல்லி எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்தார். அத்தைக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஏன் என்பது முனி கோயிலில்தான் விளங்கியது.

வரதராஜப் பெருமாள் கோயிலில் அதிக நேரம் இருக்கவில்லை. தீர்த்தம், துளசி, சடாரி, அவ்வளவுதான். நடை சாத்துகிற நேரம்.

நடுவில் எங்கள் பட்டியலில் இல்லாத ஓர் இடமும் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. "உங்க சாமிகிட்ட எல்லாம் நான் வந்தேன்ல, ஷ்வேடகோனுக்கு நீங்க வரணும்" என்றார். நியாயம்தானே. பர்மாத் தமிழர்களில் பகோடாவுக்குப் போகாதவர் அபூர்வம். அதிலும் அங்கே இருக்கிற கிழமை மூலைகள் நமக்கு அந்நியமே இல்லை. பெரிய பகோடாவைச் சுற்றி எட்டுத் திசையிலும் எட்டுக் கிரகங்கள். பிறந்த கிழமைக்கு உரிய மூலையில் புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி, சனிக்கு நாகம் என்று ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வாகனம். கிழமை ஏழுதானே, மூலை எப்படி எட்டு? புதன்கிழமையை இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். காலையில் பிறந்தால் கொம்புள்ள யானை. மதியத்துக்கு மேல் பிறந்தால் கொம்பில்லாத யானை, அது ராகுவின் மூலை. நம் நவக்கிரகத்தில் எட்டு இங்கே இருக்கிறதே என்று மகள் விரல் விட்டு எண்ணினாள். கேதுவுக்கு மட்டும் மூலை கிடையாது.

மகன் புதன்கிழமைப் பிள்ளை. நேரம் என்ன என்று அக்கா கேட்டார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் என்றேன். "அப்ப ராகு. வயசுக்கு ஒண்ணு கூட்டி ஊத்தணும்" என்று சின்னக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். அவன் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு ஊற்றினான், பர்மியில். தமிழில் எண்ணு என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கோயில் தமிழ் வகுப்பில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைக்கு எழுத்துக் கூட்டவாவது வந்திருக்கிறது. முடோனில் அப்படி ஒரு வகுப்பு அமையுமா என்ற கவலை எனக்கு வீட்டு வாடகையைவிடப் பெரிது.

கடைசியில் முனி.

எங்கள் முனீஸ்வரனுக்குக் கோபுரம் கிடையாது. சிரியம் தாண்டி, வயலுக்கு நடுவே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில் தகரக் கூரை, அரிவாள் பிடித்த சிலை ஒன்று, சூலங்கள் நாலைந்து. என் மாமனாரின் அப்பா சிவகங்கைப் பக்கத்து ஆள். சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கூலி வேலைக்கு வந்தவர். வரும்போது குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை வேட்டி முனையில் முடிந்து கொண்டுவந்து இந்த மரத்தடியில் வைத்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். 1942இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரன் ஆலையைத் தகர்த்துவிட்டுப் போனான். அசாமுக்கு நடந்தே போன கூட்டம் லட்சக்கணக்கில். எங்கள் வீட்டார் மட்டும் வயக்காட்டில் ஒளிந்து கிடந்து தப்பித்தார்கள். முனி காவல் என்பது எங்கள் வீட்டில் வெறும் பேச்சு இல்லை.

பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, சாராயம் தெளித்து, பூசாரி ஒரு பச்சைச் சுருட்டைப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்துக் கங்கு பிடிக்கவிட்டு முனியின் உதட்டிடுக்கில் சொருகினார். காற்று வாக்கில் அது தானாகவே புகைந்தது. பாதி எரிந்ததும் பூசாரியே எடுத்துக்கொண்டார். அது அவருடைய பங்கு.

படையல் முடிந்ததும் வீட்டுக்காரர் பையிலிருந்து புதுப் பித்தளைச் செம்பையும் மஞ்சள் துணியையும் எடுத்தார். எதற்கு என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பூசாரி உடனே மண்வெட்டியைத் தேடினார். "ஒரு பிடி போதும் தம்பி. அங்க போயி ஒரு செவ்வாய்க்கிழமையாப் பார்த்து ரப்பர் தோட்டத்து ஓரத்துல வச்சு, ஒரு கல்ல நட்டுருங்க. அப்புறம் அவரே பாத்துக்குவாரு."

"வேண்டாம்" என்றார் அத்தை.

"என்னம்மா வேண்டாம்? தாத்தா கொண்டாரலையா?" என்றார் வீட்டுக்காரர்.

"கொண்டாந்தாரு. கொண்டாந்தவரு ஒரு தடவையாச்சும் திரும்பிப் போனாரா? எங்க பெரியண்ணனும் அறுபத்தஞ்சுல கப்பல் ஏறும்போது இதே இடத்துலதான் மண்ணள்ளுனாரு. நகையக் கழட்டு, காச வையின்னு எல்லாத்தையும் புடுங்கிக்கிட்டு விட்டான். மண்ண மட்டும் யாரும் கேக்கல. காரைக்குடி பர்மா காலனியில கொண்டுபோயி வச்சு, இன்னிக்கு அங்க கட்டடம் கட்டி வருசா வருசம் கெடா வெட்டுறாக. ஒரு தடவ இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாகளா? எதுக்கு வருவாக? சாமிதான் கூடப் போயிருச்சே."

வீட்டுக்காரர் விடவில்லை. "அப்ப விசா எங்கம்மா குடுத்தான்?" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு வெளியாருக்குக் கிடைத்தது 24 மணி நேர விசா. பிற்பாடு அது 7 நாள் ஆயிற்று. கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி, பிழைப்பு போய், லட்சக்கணக்கில் நம் ஆட்கள் கப்பலேறிய காலம் அது. திரும்பி வருவது என்பது நினைத்தாலும் நடக்காத காரியம். தமிழ்நாட்டில் ஒட்ட முடியாமல் நடந்தாவது பர்மாவுக்குப் போய்விடலாம் என்று கிளம்பியவர்கள் மணிப்பூர் எல்லையில் தடுக்கப்பட்டு, மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே அவர்கள் கட்டிய அங்காள பரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயில் இன்றும் இருக்கிறது.

அத்தைக்கு இதெல்லாம் தெரியாததல்ல. அண்ணன்மார் ஏறிய கப்பலைத் துறைமுகத்தில் நின்று பார்த்தவர். "விசா இல்லைன்னா அவுக வரல. உனக்கு என்ன விசாவா வேணும்? பஸ் இருக்கு. முனி இங்கதான் இருப்பாரு. நீ வந்து பாத்துட்டுப் போ" என்றார். சொல்லிவிட்டு மஞ்சள் துணியை வாங்கி மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

என்னைக் கேட்டால் இதில் நான் அத்தை கட்சி. போகிற இடமெல்லாம் சாமியைத் தூக்கிக்கொண்டு போவது நமக்குப் பழகிப்போன ஒன்று. சாமியை ஓர் இடத்தில் விட்டுவிட்டு, பிள்ளைகளை அங்கே இழுத்துக்கொண்டு வருவது அதைவிடச் சிரமம். அத்தை அந்தச் சிரமத்தைத்தான் எங்கள் தலையில் கட்டினார். வேண்டுமென்றே கட்டினார்.

பூசாரிக்கு வெறும் செம்பைத் திருப்பித் தர மனமில்லை. திருநீற்றைக் கொட்டி நிரப்பினார். அத்தை அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மகள் மட்டும், "அப்பத்தா, அங்க ராத்திரி பயம் வந்தா யாரக் கும்புடுறது?" என்று கேட்டாள். "முருகன் இருக்கான்டி மோல்மீன்ல. செட்டியாருக வச்சுட்டுப் போயிருக்காக" என்றார் அத்தை.

அதுவும் சரிதான். நகரத்தார் பர்மாவில் கிட்டங்கி (தொழில் நடத்தும் இடம்) வைத்த ஊரெல்லாம் தண்டாயுதபாணியையும் வைத்தார்கள். ரங்கூனில் கோயிலில் கூடித்தான் மாதாமாதம் நடப்பு வட்டி நிர்ணயித்தார்கள் என்பார்கள். வட்டியைப் பற்றிப் பர்மாக்காரர்களிடம் கேட்டால் வேறு கதை வரும். 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. அந்தக் கசப்புக்கு நாமும் விலை கொடுத்தாயிற்று. கிட்டங்கிகள் போய்விட்டன, முருகன் இருக்கிறார்.

பஸ் விடியற்காலையில் கிளம்பியது. சித்தாங் ஆற்றைக் கடந்தோம். கைத்தோ பக்கம் தங்கப் பாறைப் பகோடாவுக்குப் போகிற கூட்டம் இறங்கிக்கொண்டது. அப்புறம் தாத்தோன், மொத்தமா என்ற ஊர்கள். அத்தை சின்ன வயதில் போனபோது மொத்தமாவோடு ரயில் நின்றுவிடுமாம், அங்கிருந்து மோல்மீனுக்குப் படகுதான். இப்போது சால்வின் ஆற்றின் மேல் 2005இல் திறந்த பாலம் இருக்கிறது, ரயிலும் போகலாம், பஸ்ஸும் போகலாம். மகன் தூங்கிவிட்டான். மகள் திருநீற்றுச் செம்பை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

முடோனுக்குப் போகிற வழியில் மோல்மீனில் இறங்கி முருகனைக் கும்பிட்டோம். கூட்டம் இல்லை. பிள்ளைகளுக்கு அர்ச்சனை செய்துகொண்டோம். சாமானோடு போனதால் நிதானமாக உட்கார முடியவில்லை. இன்னொரு நாள் வர வேண்டும்.

மறுநாள் இரவு அத்தையின் போன். வீடு எப்படி, தண்ணீர் எப்படி, கரண்ட் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கவில்லை. "ஆடி கடைசி வெள்ளிக்கு முனிக்குப் பூசை. பூசாரிகிட்ட சொல்லிட்டேன். சேவல் நான் வளக்குறேன். டுரியான் அந்தப் பக்கம் நல்லாருக்கும், வாசம் வெளிய வராமக் கட்டிக் கொண்டா, இல்லைன்னா பஸ்ஸுல ஏத்த மாட்டான். அப்புறம் மோல்மீன்லருந்து நல்ல சுருட்டா ரெண்டு கட்டு. இங்க கிடைக்கிறது முனிக்குக் காரமா இருக்காம்."

"யார் சொன்னாங்க அத்தை?"

"பூசாரிதான்."