விரல்ல மாட்டுற மெஷினும் நம்ம தோலும்

2021-ல டெல்டா கோவிட் போட்டுத் தாக்குன நேரம் மலேசியாவுல எங்க பத்தாங் பெர்ஜுந்தைல வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர், விரல்ல மாட்டுனா ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு காட்டுற மெஷின். சில எஸ்டேட் லயத்து வீடுங்கள்ல ஒரே மெஷின் வாசல் வாசலா சுத்துச்சு. பாசிட்டிவ் வந்து வீட்டுலயே படுத்தவங்களுக்கு சொன்னது ஒண்ணுதான், 95க்கு கீழ போனா போன் பண்ணுங்க. எங்க பெரியப்பாவுக்கு மூச்சு வாங்குது, பேச்சே வரல, மெஷின் மட்டும் 96ன்னு நிக்குது, போன்ல இருந்தவங்க "96 தானே, ஓகேலா"ன்னு வச்சிட்டாங்க. பெரியம்மா கேக்கல, பக்கத்து வீட்டுக் கார்ல ஏத்திட்டாங்க. அங்க ரத்தம் எடுத்துப் பாத்தா கதையே வேற.

மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டருங்க 2020 டிசம்பர்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மெஷின் 92லேர்ந்து 96 வரை காட்டுன நேரத்துல தமனி ரத்தத்துல பாத்தா 88க்கும் கீழ கிடந்தது வெள்ளைக்காரங்க ரீடிங்ல 3.6 சதவீதம், கறுப்பினத்தவங்க ரீடிங்ல 11.7. மெஷின் சிவப்பு வெளிச்சமும் இன்ஃப்ராரெட்டும் அனுப்பி ரத்தம் எவ்வளவு உறிஞ்சுதுன்னு கணக்குப் போடுது, தோல்ல இருக்கிற மெலனினும் நடுவுல கொஞ்சம் உறிஞ்சிடும், அதனால நம்பர் உண்மைய விட ஜாஸ்தியா வந்திடும். மருந்து, மருத்துவக் கருவிங்களுக்கு அனுமதி குடுக்கிற அமெரிக்க எஃப்டிஏ 2013-ல வச்ச விதிப்படி இந்த மெஷின் டெஸ்ட்டுக்கு 10 பேர் போதும், அதுல நல்லா கருத்தவங்க ரெண்டு பேர் இருந்தா சரி. (எங்க பெரியப்பாவப் பாத்திருந்தா அவரையே ரெண்டு பேரா எண்ணியிருப்பாங்க.) 2022-ல வந்த இன்னொரு ஆய்வுல ஆசியர்களுக்கும் மெஷின் கூட்டித்தான் காட்டியிருக்கு, கறுப்பினத்தவங்களுக்கு சிகிச்சை தேவைன்னு கண்டுபிடிக்கவே லேட்டாயிருக்கு.

இது மெஷினோட நிக்கல. அமெரிக்காவுல சிக்காகோல 2020 ஏப்ரல் ஆரம்பத்துல கோவிட்ல செத்தவங்கள்ல கிட்டத்தட்ட 70 சதவீதம் கறுப்பினத்தவங்க, ஊர் ஜனத்தொகைல அவங்க 30 சதவீதம்தான். உடனே சுகர், பிரஷர், குண்டுன்னு ஆரம்பிச்சாங்க. அதுவும் காரணம்தான், ஆனா வீட்டுலேர்ந்து பாக்க முடியாத வேலைல யாரு இருந்தா, இன்சூரன்ஸ் யாருக்கு இல்லன்னு கேட்டா சத்தம் கொறஞ்சிடும். இங்கயும் அதே பாட்டுதான், "இந்தியனுக்கு இனிப்புநீர் ஜாஸ்தி", அதான் சுகர். 2019 மலேசிய தேசிய சுகாதார ஆய்வுல நம்மாளுங்க பெரியவங்கள்ல 31 சதவீதத்துக்கு மேல அது இருக்கு, மறுக்கல. ஆனா எஸ்டேட்டு மருந்தகமும் அங்க வைத்தியம் பாத்த டிரெஸ்ஸரும் போனப்புறம் அந்த இனிப்புநீர யாரு பாத்தா, கார் இல்லாத வீட்டுலேர்ந்து ராத்திரி சுங்கை பூலோ ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறதுன்னு எவனும் கேக்கல.

2025 ஜனவரில எஃப்டிஏ புது வரைவு விட்டிருக்கு, 10 பேருக்குப் பதிலா 150 பேர், எல்லா நிறமும் இருக்கணும். ஆனா அது மருத்துவத்துக்குன்னு விக்கிற கருவிக்கு மட்டும், நம்ம வீட்டு அலமாரில கிடக்கிற முப்பது வெள்ளி (ரிங்கிட்) சாமானுக்கு இல்ல.

அதத் தூக்கிப் போடச் சொல்லல. உடம்பு நல்லா இருக்கும்போதே மாட்டிப் பாத்து வழக்கமான நம்பர எழுதி வைங்க, அதுலேர்ந்து எறங்குதான்னு பாருங்க. போன் பண்ணா 96ன்னு மட்டும் சொல்லாதீங்க, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல, கக்கூசுக்கு நடந்தாலே இளைக்குதுன்னு அத மொதல்ல சொல்லுங்க, நம்பர அப்புறமா சொல்லிக்கலாம்.