வெள்ளரி மொசைக் வைரசைத் தாங்கும் புகையிலை: யாழ்ப்பாண வெக்கையில் எடுக்கும் விதம்

இந்த வைரசு மிளகாய், தக்காளி, பூசணி எதையும் விடாது. ஆனாலும் முதல் சோதனைக்கு நாங்கள் எடுத்தது புகையிலை. மிளகாய் இழையவளர்ப்பில் இலேசில் முளைவிடாது.

வைரசின் புறவுறைப் பரம்பரையலகில் 300 தொடக்கம் 400 எழுத்துகள் நீளமான துண்டை நேராகவும் தலைகீழாகவும் ஒட்டி, செடிக்குள் பரம்பரையலகைக் கடத்தும் மண் பற்றீரியாவான அகரோபற்றீரியத்துக்குள் ஏற்றவேண்டும். செடிக்குள் அது கொண்டையூசிபோல மடிந்த ஆர்.என்.ஏ. ஆகும். செடி அதைச் சிறு துணுக்குகளாக வெட்டி, அதே வரிசையுள்ள வைரசையும் அழிக்கும். வரிசை ஒத்துவராவிட்டால் எதிர்ப்பும் இல்லை. ஆகவே உள்ளூர் வைரசின் வரிசையை முதலில் பாருங்கள்.

இழையவளர்ப்புக்கான எம்.எஸ். என்ற உப்புச்சத்து ஊடகத்துக்கு லீற்றருக்குச் சீனி 30 கிராம், அகார் 8 கிராம், பி.எச். 5.8. எங்கள் கிணற்றுத்தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் இலைத்துண்டுகளைப் பற்றீரியாக் கரைசலில் 10 நிமிடம் ஊறவிட்டு, வடிதாளில் ஒற்றி, இரண்டு நாள் இருட்டில் வைக்க வேண்டும்.

காரியம் கெடுவது அந்த இரண்டு நாளில்தான். 28 பாகைக்கு மேலே பற்றீரியா பரம்பரையலகைக் கடத்தாது. ஆனால் தான் மட்டும் நன்றாக வளரும், தட்டைப் பார்த்தால் எல்லாம் சரி போலிருக்கும். சித்திரையில் கரண்ட் நின்றால் அறை 32ஐத் தாண்டும். றெஜிபோம் பெட்டியில் குளிர்நீர்ப் போத்தல்களும் வெப்பமானியும் வைத்து 22 தொடக்கம் 25க்குள் பிடிக்கலாம். ஐஸ் கட்டி வேண்டாம், இலை விறைத்துவிடும்.

பிறகு ஊடகத்தில் லீற்றருக்கு முளைவிடவைக்கும் ஓமோன்கள் பி.ஏ.பி. 1, என்.ஏ.ஏ. 0.1, மாற்றப்படாத இழையத்தைத் தடுக்கும் கனமைசின் 100, பற்றீரியாவைக் கொல்லும் செஃபோடக்சிம் 250 மில்லிகிராம். இரண்டு கிழமைக்கொருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். துண்டைச் சுற்றிப் பால்போலப் படர்ந்தால் செஃபோடக்சிமை 500 ஆக்குங்கள். பச்சையாக வரும் முளையெல்லாம் உண்மையானதல்ல; ஊடகத்தைத் தொடாமல் வளைந்து நிற்பது கனமைசினுக்குத் தப்பியதாக இருக்கலாம். வெட்டி, கனமைசின் உள்ள ஊடகத்தில் வேர்விடுகிறதா பாருங்கள். பரம்பரையலகைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையையும் உடனே நம்பவேண்டாம், ஒட்டிநிற்கும் பற்றீரியாவும் அதே பட்டியைக் காட்டும். பற்றீரியாவுக்கே உரிய 'வர்ஜீ' (virG) பரம்பரையலகுக்கும் சேர்த்து ஓட்டி, அது வராத செடியை எடுங்கள்.

வைரசுச் சோதனைக்கு நோயுற்ற இலை ஒரு கிராமை 10 மில்லிலீற்றர் பொசுபேற்றுக் கரைசலில் அரைத்து, இலையில் நுண்காயம் செய்யும் கார்போரண்டம் தூள் தூவிய இலையில் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். மாற்றப்படாத செடியில் இரண்டு கிழமைக்குள் மொசைக் வராவிட்டால் சாறு செத்தது. மற்றச் செடிகளின் முடிவுக்கும் பெறுமதியில்லை. குறி இல்லாத செடியிலும் வைரசு ஒளிந்திருக்கும், வைரசுப் புரதத்தைக் காட்டும் எலைசா சோதனை பாருங்கள். வசதியில்லையென்றால் சாற்றைக் கௌபி இலையில் தேயுங்கள். வைரசு இருந்தால் பெரும்பாலும் தேய்த்த இலையிலேயே புள்ளி விழும்.

பூ மலரமுன் உறைகட்டுங்கள். சுற்றவரப் புகையிலைத் தோட்டங்கள், மகரந்தம் அங்கே போகக்கூடாது.